இல்லாத ஏரியும் இருக்கின்ற சுனையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வரைந்த போர்னியோத் தீவின் வரைபடங்கள் பலவற்றில், கினபாலு மலையை ஒட்டி ஒரு பேரேரி காட்டப்பட்டிருக்கும். அவ்வேரியைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். கண்டதாகச் சொன்னவரிடம் கேட்டவரைக் கேட்டவர் சொன்ன செய்தியை நம்பி, இலண்டனிலும் பிற நகரங்களிலும் இருந்த வரைபடக் கலைஞர்கள் அதற்குக் கரையும் நீளமும் கொடுத்து வரைந்துவிட்டனர். அச்சேறிய ஏரி வற்றுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அதே மலையின் உச்சியருகே, பாறைக் குழியில் நீர் நிற்கும் சிறு சுனை ஒன்று உண்மையாகவே இருந்தது. அதனை அறிந்தோரும் இருந்தனர். ஆனால் அது எந்த வரைபடத்திலும் இடம்பெறவில்லை. கினபாலுவின் ஏற்ற வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இவ்விரு நீர்நிலைகளும் என் நெஞ்சில் வந்து நிற்கின்றன.

சபா மாநிலத்தில் உள்ள கினபாலு 4,095 மீட்டர் உயரமுடையது. பழைய பாடநூல்களில் படித்தோர் 13,455 அடி, அதாவது 4,101 மீட்டர் என்று இன்றும் ஒப்பிப்பர். 1997ஆம் ஆண்டு செயற்கைக்கோள் துணைகொண்டு அளந்தபின் கணக்குச் சற்றுக் குறைந்தது. கடலில் வருவோர்க்கு நெடுந்தொலைவிலிருந்தே இம்மலை தென்படும். எனவே மாலுமிகளின் படங்களில் இது மிகப் பழங்காலத்திலேயே இடம்பெற்றது; செயின்ட் பீட்டர் மலை என்றொரு பெயரும் அவற்றில் இதற்கு உண்டு. சென்னைப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகப் பணி தொடங்கிப் பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்வரைவியல் அதிகாரியான அலெக்சாந்தர் டால்ரிம்பிள், 1769ஆம் ஆண்டு எழுதியபோதே இதன் பேருயரத்தை வியந்து குறித்துள்ளார். ஆயினும், கடலிலிருந்து பார்ப்பது வேறு, காட்டினுள் நடப்பது வேறு. மலையடிவாரத்துக்குப் போகும் வழி எந்த மாலுமிக்கும் தெரியாது.

அவ்வழி தெரிந்தவர்கள் கியாவ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டூசுன் மக்கள். மலையின் மேற்குச் சரிவில் நெல்லும் கிழங்கும் பயிரிட்டு வாழ்ந்த அவர்களுக்கு, இம்மலை இறந்த முன்னோரின் உயிர்கள் சென்று தங்குமிடம். ‘அக்கி நபாலு’ என்னும் சொற்றொடரிலிருந்தே கினபாலு என்ற பெயர் வந்தது எனப் பலர் கருதுவர். சீனக் கணவனுக்காகக் காத்திருந்து கல்லான பெண்ணின் கதையோடு பெயரை இணைப்பாரும் உளர். கதை சுவையானது, எனினும் முன்னோர் மலை என்ற விளக்கமே பொருத்தமெனத் தோன்றுகிறது. பாறைகளில் படரும் பாசி ஆவிகளின் உணவு என அவர்கள் நம்பினர். மேலே செல்வதாயின் வெண்கோழியும் முட்டையும் படைத்து, முன்னோரின் ஒப்புதல் பெற்றே செல்லவேண்டும். மலையேறிகள் இரவு தங்கும் ‘பனார் லாபான்’ என்ற இடத்தின் பெயருக்கே பலியிடும் இடம் என்பது பொருள்.

1851ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஹியூ லோ என்ற ஆங்கிலேயர் லாபுவான் தீவிலிருந்து புறப்பட்டுக் கியாவ் ஊரை அடைந்தார். லாபுவான் அப்பொழுது பிரிட்டிஷார் கைக்கு வந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. லோ அங்கே அரசு அலுவலர். செடிகொடி வளர்த்து விற்கும் குடும்பத்தில் பிறந்தவராதலின், புதிய செடிகளைக் காணும் வேட்கை அவரைக் காட்டுக்குள் இழுத்தது. அவரை மேலே அழைத்துச் சென்றவர் லெமாயிங் என்ற கியாவ் ஊரினர்.

இன்று மரப்படிகளிலும் கைப்பிடிகளிலும் ஏறுவோர் அந்நாளைய நடையை எளிதில் உணர இயலாது. மூங்கிலும் பிரம்பும் பின்னிக் கிடக்கும் காட்டில், பாராங் கத்தியால் வெட்டித்தான் ஒவ்வோர் அடியும் வைக்கவேண்டும். நம் தோட்டப்புறங்களில், மூன்று மாதம் ஆள் நடவாத ஒற்றையடிப்பாதை எப்படிப் புதர்மண்டிப் போகும் என்பதைக் கண்டோர் இதனை ஒருவாறு ஊகிக்கலாம். அங்கே மழையும் மிகுதி. வெட்டிய வழி அடுத்த பயணி வருமுன் மூடிக்கொள்ளும். மீண்டும் அதனைக் கண்டறிவதற்கு, வெட்டியவனோ அவன் மகனோ உடன் வரவேண்டும். அட்டைக்கடியைப் பற்றி எழுதாத பயணி இல்லை. அக்காட்டைக் கடந்து மேலேறினால் மரங்கள் குட்டையாகி, பாசி போர்த்து முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்கும் மேலே வெறும் கருங்கல். தலைக்கு மேல் கூரையாகக் கவிந்த பாறை ஒன்றின் அடியில் பாக்கா குகை என்னும் ஒதுக்கிடம் உண்டு. வந்த வெள்ளையரெல்லாம் இரவில் குளிரில் நடுங்கித் தங்கியது அங்கேதான். அக்குகையை எவரும் ‘கண்டுபிடிக்க’வில்லை என்பதை இங்குக் குறிக்கவேண்டும்; அது எங்கே இருக்கிறதென்பதை வழிகாட்டிகள் அறிந்திருந்தனர்.

லோ மலைமேடு வரை சென்றார். மிக உயர்ந்த முகட்டை எட்டவில்லை. சிறகுள்ள உயிர்க்கன்றிப் பிறவற்றுக்கு அது எட்டாதென்று கருதித் திரும்பினார். 1858ஆம் ஆண்டு புருணையில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்பென்சர் செயின்ட் ஜான், லோவுடன் சேர்ந்து இருமுறை இம்மலைக்குப் பயணம் மேற்கொண்டார். அப்பொழுதும் அம்முகடு எட்டப்படவில்லை. 1888ஆம் ஆண்டு, பறவைகளைத் தேடி வந்த ஜான் வைட்ஹெட் என்பவரே அதன்மேல் நின்றதாகப் பதிவு உள்ளது. இருப்பினும் அம்முகட்டுக்கு வாய்த்த பெயர் லோ முகடு என்பதே. ஏறாதவர் பெயரால் ஏறவேண்டிய இடம் வழங்குவது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

1858ஆம் ஆண்டின் பயணங்களைப் பற்றிச் செயின்ட் ஜான் 1862இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல் இன்றும் படிக்கத்தக்கது. நெப்பந்தஸ் ராஜா என்னும் மாபெருங் குடுவைச்செடியை அப்பயணத்தில்தான் அவர்கள் கண்டனர். அதன் குடுவை ஒன்றில் இரண்டு லிட்டருக்கும் மிகுதியான நீரும், மற்றொரு குடுவையில் மூழ்கி இறந்த எலியொன்றும் இருந்த செய்தி மாணவர்க்குச் சொன்னால் வகுப்பறையே விழித்துக்கொள்ளும். சரவாக்கின் ராஜாவாக இருந்த ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக அச்செடிக்கு ராஜா எனப் பெயரிட்டனர்.

ஹியூ லோவைப் பற்றி இன்னொரு செய்தி தமிழராகிய நமக்கு நெருங்கியது. 1877ஆம் ஆண்டு அவர் பேராக் மாநிலத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றார். 1889 வரை அப்பதவியில் இருந்தார். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திலிருந்து வந்த இரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் அவரது இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. செடி வளர்ப்போர் குடும்பத்து மைந்தர் செய்த சிறு சோதனை அது. இரப்பர் பெருந்தோட்டப் பயிரானது பிற்காலத்தில்தான்; ஆயினும் நம் பாட்டன் பாட்டியரைக் கப்பலேற்றிய மரத்தின் முதற்கன்றுகளுள் சில அம்மனிதரின் கண்காணிப்பில் வளர்ந்தவை. கினபாலுவைப் பற்றிப் பேசுகையில் தீபகற்பத்துத் தமிழர்க்கு அது தொலைதூரத்து மலையென்று எண்ண வேண்டியதில்லை.

இனி, அந்த ஏரிக்கு வருவோம். 1880ஆம் ஆண்டு விட்டி என்ற அலுவலர் வடக்கே மாருடு விரிகுடாவிலிருந்து புறப்பட்டு, ரானாவ், தம்புனான் வழியாக மேற்குக் கரையில் உள்ள பாப்பாருக்குக் கால்நடையாகச் சென்றார். ஏரி இருக்கவேண்டிய நிலப்பகுதியில் அவர் கண்டது நெல்வயல்களும் ஊர்களுமே. ஏரியை மலாய்மொழியில் ‘டானாவ்’ என்பர். ‘ரானாவ்’ என்பது டூசுன் மொழியில் வயல்நிலத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய ஊர்ப்பெயர். ஓரெழுத்து மயக்கத்தால் வயல்வெளி ஏரியாகிவிட்டது என்பதே ஆய்வாளர் தரும் விளக்கம். உள்ளூர் மக்களின் சொல்லைச் செவிமடுக்காமல், அவர்களைப் பற்றிப் பிறர் சொன்னதைச் செவிமடுத்ததன் விளைவு இது என்பேன். மொழி ஆசிரியர்கள் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதைக் கடிந்துகொள்ளும் பெற்றோர்க்கு இந்த ஏரியை எடுத்துக்காட்டலாம்.

உண்மையான நீர் மேலே இருந்தது. பனியூழிக் காலத்தில் கினபாலுவின் உச்சியைப் பனிக்கட்டி மூடியிருந்தது. நகரும் பனி கருங்கல்லைத் தேய்த்துப் பள்ளங்களையும் கீறல்களையும் உண்டாக்கிற்று. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி மறைந்தது, பள்ளங்கள் எஞ்சின. நிலநடுக்கோட்டிலிருந்து ஆறு பாகைத் தொலைவில் உள்ள நாட்டில், ஆல்ப்ஸ் மலைகளில் காண்பதைப் போன்ற பனிச்சுவடுகள் கிடைப்பது அரிது. அத்தகைய பள்ளங்களில் மழைநீர் தேங்கிச் சுனைகளாகின்றன. லோ முகட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள சுனையைப் பலிச்சுனை என்று அழைப்பர். கியாவ் வழிகாட்டிகள் தம் முன்னோர்க்குப் படையல் செய்த இடம் அது.

ஆசிரியர் குழுவினரோடு நான் ஒருமுறை அங்குச் சென்றிருக்கிறேன். விடியற்காலையில் எல்லோரும் முகட்டை நோக்கி விரைந்தனர். நிழற்படம் எடுக்கும் ஆர்வம். எங்கள் வழிகாட்டி மட்டும் அப்பள்ளத்தருகே நின்று, இங்கே உரக்கக் கத்தவேண்டா என்று மெல்லச் சொன்னார். அளவிற் சிறிய நீர்தான். நம் கோயில் தெப்பக்குளத்தின் ஒரு மூலைக்கும் ஈடாகாது. ஆயினும் வானத்தை முழுமையாகக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

வைட்ஹெட்டுக்குப் பின் வந்தவர்கள் பலர். 1910ஆம் ஆண்டு ஏறிய தாவரவியலாளர் லிலியன் கிப்ஸ் அம்மையாரே உச்சியை அடைந்த முதற்பெண்மணியாகப் பதிவு பெற்றவர். கிளமென்ஸ் தம்பதியர் 1915ஆம் ஆண்டிலும், பின்னர் 1931 முதல் 1933 வரையிலும் இம்மலையில் பெருந்தொகையான செடிகளைத் திரட்டினர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய இ. ஜே. எச். கார்னர், 1961, 1964 ஆகிய ஆண்டுகளில் இலண்டன் இராயல் சொசைட்டியின் ஆய்வுக்குழுக்களுக்குத் தலைமை தாங்கி, எவரும் செல்லாத கிழக்கு மலைத்தொடர் வழியாக ஏறி ஆராய்ந்தார். 1964ஆம் ஆண்டு கினபாலு தேசியப் பூங்காவாயிற்று. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இவற்றையெல்லாம் நூல்கள் முறையாகவே பதிந்துள்ளன. சுமை தூக்கியோர், வழி வெட்டியோர், மரத்தில் ஏறிப் பூப்பறித்தோர் ஆகியோரின் பெயர்களைத் தேடத்தான் கண் வலிக்கிறது.

மலைமேட்டின் முகடுகளின் பெயர்களைப் பாருங்கள்: லோ, செயின்ட் ஜான், விக்டோரியா, அலெக்சாந்திரா, எட்வர்டு மன்னர், ஜார்ஜ் மன்னர். இவர்களுள் அரசரும் அரசியரும் இம்மலையின் பக்கமே வராதவர்கள். கீழே, பனார் லாபானில் மலையேறிகள் உறங்கும் விடுதிகளின் பெயர்களையும் பாருங்கள். ஒன்று லெமாயிங். மற்றொன்று குந்திங் லகாடான். அவரும் இம்மலையின் வழிகாட்டியே. வழிகாட்டிகளுக்குத் தங்குமிடங்களும், வந்துபோனவர்களுக்கு முகடுகளும் கிடைத்திருக்கின்றன. இதைக் குறையாகச் சொல்வாரும் உண்டு. குளிரில் விறைத்து வருவோனுக்கு முகட்டைவிட விடுதியின் பெயரே முதலில் நினைவுக்கு வரும் என்று கூறி எங்கள் வழிகாட்டி சிரித்தார். அவர் பெருந்தன்மை அது. என்னளவில், ஆறாம் ஆண்டு மாணவன் லோவின் பெயரை எழுதும்போது லெமாயிங்கின் பெயரையும் எழுதக் கற்கவேண்டும் என்றே கருதுகிறேன்.

வழி தெரிந்தவரின் அருமை 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் காலை ஏழேகால் மணிக்குத் தெரிந்தது. 6.0 அளவு கொண்ட நிலநடுக்கத்தால் மலைச்சரிவுகளிலிருந்து பாறைகள் உருண்டன. பதினெண்மர் மாண்டனர், அவர்களுள் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர்களும், அவர்களைக் காக்க நின்ற மலை வழிகாட்டிகளும் இருந்தனர். பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் பொறுப்பைச் சுமந்த எவராலும் அச்செய்தியை அமைதியாகப் படிக்க முடியாது. நூற்றுக்கு மேற்பட்டோர் மேலே சிக்கிக்கொண்டனர். மேகமூட்டத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்க இயலாத நிலையில், ‘மாலிம் குனோங்’ எனப்படும் அவ்வழிகாட்டிகளே, பாதை பெயர்ந்த இடங்களில் மாற்றுவழி தேடி, காயமுற்றோரைத் தாங்கிக்கொண்டு கீழே கொணர்ந்தனர்.

அதற்குச் சில நாள்களுக்கு முன் அயல்நாட்டுப் பயணிகள் சிலர் உச்சியில் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டனர். மலை சினந்தது என்று உள்ளூர் மக்கள் சிலர் சொன்னதை உலகச் செய்தித்தாள்கள் நகைத்து எழுதின. நிலநடுக்கம் நிலத்தட்டுகளின் அழுத்தத்தால் நிகழ்வது, அதில் ஐயமில்லை. ஆனால் முன்னோர் உறையும் இடத்தில் பிறர் செய்த இழிசெயலால் புண்பட்டு, அதே வாரத்தில் உறவினரையும் அடக்கம் செய்தவர்களைப் பார்த்து நகைத்தது முறையன்று.

உச்சிக்குச் செல்லும் வழி அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், பாறை சரிந்த பகுதியைத் தவிர்த்துப் புதிதாக அமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. திம்போஹோன் வாயிலிலிருந்து உச்சி வரை ஒன்பது கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைந்த நடை. பெரும்பாலோர் இரண்டு நாளில் ஏறி இறங்குவர். கிழக்குப் பக்கமாக வந்து சேர்ந்த மெசிலாவ் வழி நிலநடுக்கத்துக்குப் பின் மூடப்பட்டது. அப்பக்கம் மண் சரிந்து, பாலங்கள் அழிந்தன. ஆள் நடவாத இடத்தில் பாசியும் சூரலும் என்ன செய்யும் என்பதை முன்னரே சொன்னேன். அவ்வழியில் எங்கே குடிநீர் கிடைக்கும், எங்கே கால் வழுக்கும், எந்த மரத்தருகே திரும்பவேண்டும் என்பதை அறிந்தவர்கள் மலையடிவாரத்து ஊர்களில் வாழ்கிறார்கள்.