இரணியல் வழியே ஒரு பழந்தலைநகர்

திருவனந்தபுரத்தில் வாழும் நம் போன்ற தமிழர், வழிகாட்டி எவரையும் நாடாது ரயிலேறிக் கண்டுவரத் தக்க மதில் சூழ்ந்த நகரம் பத்மநாபபுரம். 1979-இல் திறக்கப்பெற்ற கன்னியாகுமரிப் பாதையில் நெய்யாற்றங்கரை, பாறசாலை, குழித்துறை கடந்து இரணியலில் இறங்கித் தக்கலைப் பேருந்தைப் பிடித்தால் போதும். திங்கட்கிழமை மட்டும் ஆகாது. அன்று அரண்மனைக்கு விடுமுறை.

கல்குளம் என்பது இவ்வூரின் பழம்பெயர். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மர், சிறைப்பட்ட டிலனாயையே தம் படைக்கு ஆசானாக்கினார். அம்மன்னர் காலத்தில்தான் மண்கோட்டை கருங்கற்கோட்டையாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது.

1956-இல் ஊர் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அரண்மனையைப் பேணுவதோ இன்றளவும் கேரள அரசு. பங்காளி வழக்காக முற்றியிருக்கக் கூடியது உறவாக நிலைத்தது நமக்கு வியப்பே.

கம்பர் வழிபட்டதென மரபு கூறும் சரஸ்வதித் திருமேனி இக்கோட்டைக்குள் உறைகிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்வர, யானைமீது புறப்படுகிறது. குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றங்கரையில் ஓரிரவு. நாம் இரண்டு மணி நேரத்திற்குள் கடக்கும் வழியை மூன்றாம் நாள் முடித்துத் திருவனந்தபுரம் கோட்டைக்குள் நுழைகிறது.