ஞாயிறு இரவு ஏழரை மணி

தூர்தர்ஷன் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மோக்லி பார்த்தவரா நீங்கள்? ஓநாய்க் கூட்டத்தோடு திரிந்த அந்தப் பையன் ஜப்பானில் பிறந்தவன் என்றால் நம்புவீர்களா? கதை கிப்ளிங்குடையது, காடு நம்முடையது. ஆனால், 1989-ல் அதைத் தொடராக வரைந்தது ஜப்பானின் 'நிப்பான் அனிமேஷன்' நிறுவனம். ஆகவே, 'அனிமே பக்கமே நான் போனதில்லை சார்' என்று நீங்கள் தப்பிக்க முடியாது!

சரி, அடுத்து எதைப் பார்க்கலாம்? பதிலுக்கு உங்களிடம் ஒரு கேள்வி: புல்வெளி பிடிக்குமா, போர்க்கப்பல் பிடிக்குமா?

சும்மா கேட்கவில்லை. 1974 அக்டோபர் 6, ஞாயிறு இரவு 7.30 மணிக்கு ஜப்பானியக் குடும்பங்கள் இந்தக் கேள்வியைத்தான் சந்தித்தன. ஒரு சேனலில், ஜனவரியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த 'ஹெய்டி'. இன்னொன்றில், அன்றுதான் ஆரம்பமான 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ'. வீடுகளுக்கு வீடியோ ரெக்கார்டர் வராத காலம். ஒன்றைப் பார்த்தால் மற்றது போச்சு!

ஹெய்டி, சுவிட்சர்லாந்து நாவல். அநாதைச் சிறுமி, ஆல்ப்ஸ் மலை, சிடுசிடுக்கும் தாத்தா, ஆட்டு மந்தை... அவ்வளவுதான். குண்டு கிடையாது, துப்பாக்கி கிடையாது. இயக்குநர் இசாவோ தகஹாதா, வரைவதற்கு முன் 1973-ல் தன் குழுவோடு அந்த மலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டி.வி. கார்ட்டூனுக்கு அன்று அது அபூர்வம். ஒவ்வொரு காட்சியின் அமைப்பையும் போட்டுக் கொடுத்த இளைஞர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஹயாவோ மியாசாகி. ரொட்டி மேல் பாலாடைக்கட்டி உருகுவதைக்கூட அத்தனை சிரத்தையாகக் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு கார்ட்டூனுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? கொஞ்சம் பின்னால் போவோம். 1945 ஜூன் 29. ஒகயாமா நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைக் கொட்டின. 1,700 பேருக்கு மேல் பலி. எரியும் தெருக்களில் அக்காவோடு வெறுங்காலில் ஓடிப் பிழைத்த ஒன்பது வயதுப் பையன்தான் இந்த தகஹாதா! தான் பார்த்த தீயை 1988-ல் 'மின்மினிகளின் கல்லறை' படத்தில் நேராகவே காட்டினார். அதற்கு முன் குழந்தைகளுக்கு அவர் தந்தது, யாரும் யாரையும் கொல்லாத ஒரு மலை.

இப்போது எதிர் சேனலுக்கு வாருங்கள். யமாட்டோ நிஜக் கப்பலின் பெயர். ஜப்பானியக் கடற்படையின் பெருமை. 1945 ஏப்ரல் 7-ல் ஒகினாவாவுக்குப் போகும் வழியில், சுமார் 3,000 பேரோடு மூழ்கிப்போனது. தொடரில் வருஷம் 2199. வேற்றுக்கிரகவாசிகளின் கதிர்வீச்சுக் குண்டுகளால் பூமி சாகக் கிடக்கிறது. கெடு ஒரே வருஷம். வற்றிப்போன கடலில் கிடக்கும் அதே யமாட்டோவை விண்கலமாக்கி, 1,48,000 ஒளியாண்டு தூரத்துக்கு மருந்து தேடிக் கிளம்புகிறார்கள். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லெய்ஜி மட்சுமோட்டோவின் அப்பா, ராணுவ விமானி.

'தோற்ற போருக்குக் கார்ட்டூனில் வெற்றி தேடுகிறார்கள்' என்று விமர்சனம் உண்டு. ஆனால், கடைசி அத்தியாயங்களில் எதிரியின் கிரகமே நாசமான பிறகு, ஹீரோ கொண்டாடுவதில்லை. இடிபாடுகளைப் பார்த்து மனசு உடைந்து, நாம் சண்டையே போட்டிருக்கக் கூடாது என்கிறான்!

போட்டியில் ஜெயித்தது யார்? ஹெய்டிதான்! 39 வாரத் திட்டத்தோடு வந்த யமாட்டோ, 26 வாரத்தில் மூட்டை கட்டியது. ஆனால், 1977-ல் அதையே சுருக்கித் திரைப்படமாக்கியபோது, இளைஞர்கள் ராத்திரி முழுக்க தியேட்டர் வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

ஆக, புல்வெளி ஆசாமியா நீங்கள்? முதலில் ஹெய்டி. அடுத்து, மியாசாகி 1978-ல் இயக்கிய 'எதிர்காலச் சிறுவன் கோனன்'. உலகமே மூழ்கிய பிறகு மிஞ்சிய ஒரு பையனின் கதை, 26 அத்தியாயம்தான். போர்க்கப்பல் ஆசாமியா? யமாட்டோவைப் பாருங்கள். பழைய படம் கண்ணை உறுத்தினால் 2012-ல் புதிதாக வந்த '2199' இருக்கிறது. அப்புறம் 1979-ன் 'கண்டம்'. ராட்சத ரோபோவுக்குள் உட்கார்ந்திருப்பவன், போரே வேண்டாம் என்று புலம்பும் 15 வயதுப் பையன்!

எதில் ஆரம்பித்தாலும் சரி, ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவற்றை எடுத்தவர்கள் வளர்ந்தது குண்டு விழுந்த நாட்டில். குழந்தைகளுக்கு என்ன காட்டலாம் என்று யோசித்தபோது, ஒருவர் ஆட்டுக்குட்டியைக் காட்டினார், இன்னொருவர் பீரங்கியைக் காட்டினார். சொல்ல வந்தது என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் இரண்டையும் பார்க்கலாம். 1974-ன் ஜப்பானியக் குழந்தைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை!