கிராப்பு வெட்டிக்க எங்கே போறது?

முடியை ஒட்ட வெட்டிக்கணும்னா நீங்க எங்க போவீங்க? தெருமுனை சலூனா, ஏசி போட்ட பார்லரா? என் ஓட்டு சலூனுக்குத்தான். நீள முடியில் கை தவறினால் சீவி மறைச்சிடலாம், ஒட்ட வெட்டினதில் முடியாது. காதோரமும் பிடரியும் படி தெரியாமல் இறங்கணும். தினமும் மிலிட்டரி கட் வெட்டுகிற கைக்கு அது தானா வரும்.

சரி, சிபாரிசு முடிஞ்சுது :-) நான் சொல்ல வந்தது வேற. 'எங்கே போகலாம்'னு யோசிக்கிறதே நம்ம ஊருக்குப் புதுசு.

முதலில் முடி. நூறு, நூற்றைம்பது வருஷம் முன்னாடி இங்கே பல சாதி ஆண்களுக்கும் குடுமிதான். கிராப்பு என்ற சொல்லே இங்கிலீஷிலிருந்து வந்தது. பாரதி காசியில் இருந்த காலத்தில் குடுமியை எடுத்துவிட்டு மீசை வைத்தார். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் குடுமியை எடுத்தார். அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம்னு அம்மாவையும் மனைவியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு ரயில் ஏத்தி விட்டுட்டார்!

அடுத்தது இடம். கிராமத்தில் நாம போக மாட்டோம், நாவிதர்தான் வீடு தேடி வருவார். திண்ணையிலோ மரத்தடியிலோ வேலை நடக்கும். கூலி, அறுவடை சமயத்தில் அளக்கிற நெல். யாருக்கு வெட்டலாம், யாருக்குக் கூடாதுங்கறதை அவர் முடிவு பண்ணலை, ஊரில் ஆதிக்கம் செலுத்திய சாதிகள் முடிவு பண்ணின. தலித்துகளுக்கு அவர் வெட்டக்கூடாது. அவங்க தங்களுக்குள்ளேயே வெட்டிக்க வேண்டியதுதான்.

இதை உடைச்சது டவுனில் வந்த சலூன். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கையோடு காசு, முதலில் வந்தவருக்கு முதலில். நெல்லுக்காகக் காத்து நின்றவர் கடைக்காரர் ஆனார். அவர் கடையில் அவர் சொன்னபடி எல்லாரும் தலை குனியணும் இல்லையா? திராவிட இயக்கப் பத்திரிகைகளைச் சத்தமாகப் படித்து விவாதம் பண்ணின இடங்களில் டீக்கடையோடு சலூனும் உண்டு. சும்மா இல்லை.

ஆனா நாற்காலி எல்லா ஊரிலும் எல்லாருக்கும் கிடைக்கலை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், 'கடை' என்றால் எதெல்லாம் அடங்கும் என்று கேள்வி வந்தது. சேவை தருகிற எவரும் அடக்கம் என்றார் அம்பேத்கர். 1955ல் வந்த தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், கடை என்பதற்கான விளக்கத்தில் சலவைக்கடையையும் முடிதிருத்தும் சலூனையும் பெயர் சொல்லியே சேர்த்தது. முடிவெட்டிக்க ஒரு சட்டம் வேண்டியிருந்த நாடு சார் இது.

தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்ததாக 2020களிலும் தமிழ்நாட்டில் செய்திகள் வந்திருக்கு. கத்திரி பிடிச்சவர் மேல் மட்டும் கோபப்பட்டால் பாதிதான் புரிஞ்சதா அர்த்தம். 'அவனுக்கு வெட்டினா நாங்க வரமாட்டோம்'னு பின்னாடி நின்று மிரட்டுகிறவன் பெயர் பெரும்பாலும் வெளியே வராது.

அதனால நல்ல சலூனுக்கு என் அளவுகோல் ரெண்டு. பிடரி சுத்தமா இறங்கணும். காத்திருக்கிற பெஞ்சில் ஊரே உட்கார்ந்திருக்கணும். ரெண்டாவது இல்லைன்னா, முதலாவது எவ்வளவு நல்லா இருந்தாலும் வேற கடை பாருங்க.

செவ்வாய்க்கிழமை மட்டும் கிளம்பிடாதீங்க, பல கடை லீவு :-)