வெளிமானும் கரிசல் வெளியும்

வனவிலங்கைச் சந்திப்பதென்றால் அடர்ந்த காட்டையே நினைத்துக்கொள்கிறோம். கடம்பூரைச் சூழ்ந்த கரிசல் பூமியில் அத்தகைய காடு இல்லை. வேதாகமத்தில் வரும் வனாந்தரமும் பெரும்பாலும் மரமற்ற வறண்ட வெளியே என்பதை நம் வாசகர் அறிவர். அத்தகைய வெளிக்குரியது வெளிமான். உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் அப்பெயர் வருகிறது.

கடம்பூருக்குத் தெற்கே, திருநெல்வேலி–தூத்துக்குடிச் சாலையிலுள்ள வல்லநாட்டுக் குன்றின் அடியில் ஒரு விடியற்காலை அதனைக் கண்டோம். முறுக்குக் கொம்புடைய கரிய கலையொன்று கற்பரப்பில் அசையாது நின்று நம்மை நோக்கிற்று. அருகே மூன்று பிணைகள். ஓர் அடி எடுத்து வைத்தோம். பிணையொன்று உயரத் துள்ளிற்று. அடுத்த கணம் நான்கும் ஓடின. புதரை நோக்கியன்று, திறந்த வெளியை நோக்கி. தூரப் பார்வையும் ஓட்டமுமே அவற்றின் காவல்.

அவ்வெளி குறைந்த வரலாறு நம் மாவட்டத்துக்கு அந்நியமன்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இந்தியப் பருத்தியின் விலை ஏறிற்று. 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை இக்கரிசலின் ஊடே வந்தது. உழப்படாத நிலத்துக்கு வருவாய்க் கணக்கில் ‘தரிசு’ என்று பெயர். மானுக்கோ அதுவே வீடு. வேட்டையும் சேர்ந்துகொண்டது. 1972ஆம் ஆண்டின் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1987இல் வல்லநாட்டில் 1,641 ஹெக்டேர் நிலம் சரணாலயமாயிற்று. வெளிமான் இயற்கையாய் வாழும் தென்கோடி இடம் இதுவே.

இன்று கலப்பையைவிடச் சீமைக்கருவேலே வெளியை அடைக்கிறது. தரிசு பசுமையாயிற்று என மகிழ்வோரும் உளர். மானுக்கு அது பார்வையை மறைக்கும் முட்சுவர். நாம் திரும்பிய வழியில், கடம்பூர் மட்டும், பல இடங்களில் இருபுறமும் அதுவே நின்றது.