உழிஞையும் ஊடலும்

காதலைப் பாடுவது அகம். போரையும் கொடையையும் பாடுவது புறம். ஆயினும், காதலைச் சொல்ல வந்த புலவர் வேலையும் படையையும் நாடியது ஏன்? காதல் என்பது ஒருவரை ஒருவர் வென்று அடக்குவது என அவர்கள் கருதினரா? இவ்வினா ஆராயத்தக்கது.

அகத்தையும் புறத்தையும் இணைத்து இலக்கணம் வகுத்தவர் தொல்காப்பியர். புறத்திணையியலில் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணைக்குப் புறனாக அவர் வைத்தார். ஆநிரை கவரும் வெட்சி குறிஞ்சிக்குப் புறன். மதில் முற்றும் உழிஞை மருதத்திற்குப் புறன். களவிற் கூடுவதும் நிரை கொள்வதும் பிறர் அறியாமல் நிகழ்வன. பகைவன் வெளியே நிற்க, உள்ளிருப்போர் கதவடைத்துக் காப்பது உழிஞை. பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவன் வெளியே நிற்க, ஊடிய தலைவி வாயில் மறுப்பது மருதம். இவ்வொப்புமை எண்ணி மகிழ்தற்குரியது.

இவ்விணைப்பு பாட்டில் அமைந்த திறத்திற்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை தக்க சான்று. அதன் 301 அடிகளுள் தலைவனின் காதலைக் கூறுவன சிலவே. ஏனையவை காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலன் வென்றியையும் பாடுவன. முடிவில் தலைவன், தான் கடக்க வேண்டிய காடு கரிகாலன் பகைவர்மேல் ஓங்கிய வேலினும் கொடியது என்றும், தலைவியின் தோள் அவன் செங்கோலினும் குளிர்ந்தது என்றும் தன் நெஞ்சிற்குச் சொல்கின்றான். பிரிவின் கொடுமையை உணர்த்த வேல் இங்கு உவமையாயிற்று. ஆயின் அது காதலர் இருவர்க்கும் இடையே புகவில்லை.

அதனை இடையே புகுத்தியவர் வள்ளுவர். பொருட்பாலில் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரம் வகுத்த அவரே, காமத்துப்பாலிலும் படையைக் கொணர்கின்றார். எதிர்நோக்கும் தலைவியின் பார்வை தானையொடு வந்து தாக்கும் அணங்கு போன்றது என்கிறான் தலைவன் (1082). களத்தில் பகைவர் அஞ்சும் தன் வலிமை அவள் நெற்றிக்கு முன் உடைந்தது என்றும் ஒப்புகின்றான் (1088). தோற்றவன் ஆண்மகன் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நிறையழிதலில் தலைவி பேசுகின்றாள். நாணம் என்னும் தாழிட்ட நிறை என்னும் கதவைக் காமமாகிய கோடரி உடைக்கின்றது என்கிறாள் (1251). உழிஞையின் கதவே இங்கு உள்ளத்தின் கதவாயிற்று. ஆனால் உடைப்பவன் வெளியே நிற்கும் தலைவன் அல்லன். அவள் நெஞ்சில் எழுந்த காமமே. தலைவனுடைய படையோ எனின், அது பணிந்த மொழியன்றி வேறில்லை (1258).

இறுதியாக, ஊடலுவகையில் போரின் நெறியையே வள்ளுவர் மாற்றிவிடுகின்றார். ஊடலிலே தோற்றவரே வென்றவர். அவ்வெற்றி கூடலிலே தெரியும் என்கிறார் (1327). பொருட்பாலின் களத்தில் இத்தகைய வெற்றிக்கு இடமில்லை. அங்கே தோற்றவன் நாட்டை இழப்பான். இங்கே தோற்றவர் துணையை மீளப் பெறுகின்றார்.

எனவே, போரின் சொற்களைக் கடன் கொண்டமையால் வள்ளுவர் காதலைப் போராக்கினார் எனல் பொருந்தாது. அடக்குதலைக் கூற எழுந்த சொற்களுக்கு விட்டுக்கொடுத்தலைக் கற்பித்தார் என்பதே பொருந்தும். இல்லறத்தில் வெற்றியை நாடுவோர் யாவரும் உளங்கொள்ளற்குரியது இது.