மானிப்பாயில் கிறீன் செய்த பணி

பிறந்த ஊருக்குக் கடல்கடந்து உதவி அனுப்பும் பழைய மாணவிகளாகிய நாம், வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைப்பது பொருத்தம். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணி தொடங்கினார். மதம் பரப்பவும்தான் வந்தார், அதை மறைப்பதற்கில்லை.

வாந்திபேதியால் வாடிய ஏழைகளுக்கு மருந்து கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியேறுவார்கள், தமிழில் கற்றவர்கள் ஊரிலேயே தங்குவார்கள் என்று கருதி, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஊரைவிட்டு வந்த எம் போன்ற வைத்தியர்களுக்கு இந்தக் காரணம் சற்றுச் சுடும். உடற்கூற்றியல், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் எல்லாம் மாணவர் துணையுடன் தமிழ் நூல்களாயின. 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும் அங்கிருந்தே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார்.