லூதரும் மெலாங்தனும்: இரு குணங்கள், ஒரு திருச்சபை



தலைமைக்குரிய குணம் இதுதான் என்று ஒன்றை மட்டும் சுட்ட இயலுமா? இயலாது என்பதற்கு ஜெர்மனியின் திருச்சபை வரலாற்றையே நான் சான்றாகக் காண்கிறேன்.

1517-இல் விட்டன்பர்க் நகரில் 95 கருத்துரைகளை வெளியிட்ட மார்ட்டின் லூதர் கொதிக்கும் உள்ளத்தினர், கூரிய நாவினர். 1521-இல் வோர்ம்ஸ் அவையில், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையிலும் தம் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்தார். பேரரசின் தடைக்கு ஆளானார்.

பிலிப் மெலாங்தனோ 1518-இல், தம் 21-ஆம் வயதில், அந்நகரப் பல்கலைக்கழகத்திற்குக் கிரேக்கப் பேராசிரியராக வந்தவர், குருப்பட்டம் பெறாதவர், இணக்கம் நாடுபவர். 1530-இல் ஆக்ஸ்பர்க் அவைக்குச் செல்ல லூதருக்குத் தடை குறுக்கே நின்றது. அங்கு வாசிக்கப்பட்ட விசுவாச அறிக்கையை வரைந்தவர் மெலாங்தனே. லூதரன் சபைகளின் அடிப்படை ஆவணம் இன்றும் அதுதான். அத்துணை மென்மையாகத் தம்மால் நடக்க இயலாது என லூதரே ஒப்புக்கொண்டார்.

இரு குணங்களுக்கும் குறையுண்டு. 1543-இல் யூதர்களைச் சாடி லூதர் எழுதிய நூல் அவர் புகழில் நீங்காக் கறை. லூதர் மறைந்தபின், 1548-இல் நெருக்கடிக்கு இணங்கி மெலாங்தன் சில சடங்குகளை ஏற்றதால் சபைக்குள் மூண்ட பூசல் பல்லாண்டு நீடித்தது.

நம் வகுப்பிலும் துணிந்து பேசும் பிள்ளை உண்டு. அமைதியாக எழுதும் பிள்ளையும் உண்டு. வகுப்புத் தலைவரைத் தெரிவு செய்கையில் குரலோங்கியவரை மட்டுமே நோக்குகிறோமா? மெலாங்தனைப் பிற்காலம் ‘ஜெர்மனியின் ஆசிரியர்’ எனப் போற்றியதை எண்ணிப் பார்ப்போம்.